ஆண்டவர் இன்னும் கூப்பிடவில்லையே



மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குச் சுவாமியார் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்குத் திவ்விய நற்கருணை கொண்டுபோகையில், துணைக்கு நானும் போவது வழக்கம். திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் வயோதிகரைப் பார்த்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று சுவாமியார் கேட்பார். அநேகர் சொல்லும் மறுமொழி ஒன்றுதான். "இருக்கிறேன் சாமி. ஆண்டவர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லையே!"

இதைக் கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது. மருமகள், "அப்படியெல்லாம் பேசாதீங்க, அத்தை" என்கிறாள். மகன், "காலை மாத்திரை போட்டாச்சா?" என்கிறான். அடுத்த வீட்டார், "எல்லாம் தேவசித்தம், பொறுமையாயிருங்கள்" என்கிறார்கள். மூன்றும் அன்பினால் சொன்னவைதாம். ஆனால் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடச் சொன்னவை. அப்பாயி ஏதோ ஒன்றைக் கேட்டாள். அவள் கேட்டது இன்னதென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. இவ்வாரப் பாடத்தை அந்த ஒரு வாக்கியத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், இதைச் சொல்லுகிறவர் யார் என்று பார்ப்போம். 2011ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 100க்கு 8.6தான். ஆக, நம் ராஜ்யம் மற்ற ராஜ்யங்கள் பலவற்றைவிட முந்தி முதுமையடைகிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனபின், வீட்டுக்கும் வயலுக்கும் காவலாக நிற்கிறவர்கள் இந்த முதியவர்களே. அவர்களுக்கு வரும் வியாதிகளும் ஒன்றாக வருவதில்லை. சர்க்கரை வந்த வீட்டுக்கு இரத்த அழுத்தம் வருகிறது. பின்னாலேயே இருதயமும் சிறுநீரகமும் மூட்டும் கண்ணும் காதும். இவற்றில் பல, முழுதும் தீருவன அல்ல. ஆயுள்மட்டும் கூடவே இருப்பவை.

ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சர்க்கரை வந்தபோது பொங்கலும் பாயசமும் போயின. இரத்த அழுத்தம் வந்தபோது கருவாடும் ஊறுகாயும் போயின. முழங்கால் தேய்ந்தபோது களைவெட்டக் குந்துவது போயிற்று. கோயிலில் முழந்தாளிடுவதும் போயிற்று. இருதயத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் அடிக்கடி எழுந்து போகவேண்டியிருப்பதால், ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் மகள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் நின்றுபோயின. கண் மங்கியதும் ஜெபப் புத்தகம் போயிற்று. காது மந்தமானதும் பிரசங்கம் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், வீட்டுக்குள் நடக்கும் பேச்சும் போயிற்று; எல்லாரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் லேசாகச் சிரித்துவைக்கிறாள். நான் பார்த்தமட்டில், இந்தச் செவிட்டுத்தனம் கொடுக்கும் தனிமையை வீட்டார் கண்டுகொள்வதே இல்லை. "அத்தைக்குக் கேக்காது, விடு" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு டாக்டர் இருக்கிறார். ஒரு சீட்டு இருக்கிறது. இத்தனையும் பறிபோனபின் மிச்சமிருக்கும் அந்த ஆளின் உள்ளத்தில் எழும் கேள்விகளுக்குச் சீட்டு இல்லை. 'நான் இனி எதற்கு? யாருக்கு என்னால் பிரயோஜனம்? என்னை எடுத்துக் கழுவித் துடைத்து இவர்கள் எத்தனை நாள் பாடுபடுவார்கள்? ஆண்டவர் என்னை மறந்துவிட்டாரா, அல்லது தண்டிக்கிறாரா? நான் போனபின் என்னை நினைக்க யார்?' இவை தேக வலி அல்ல. வெறும் மனக்கவலை என்று தள்ளிவிடத்தக்கவையும் அல்ல. உயிரோடு இருப்பதே ஒரு பாரமாகி, இருப்பதற்குக் காரணம் என்ன என்று நெஞ்சு கேட்கும் வேதனை இது. இதை 'இருப்பின் வேதனை' என்று அழைப்போம்.

வைத்திய சாஸ்திரம் இதைச் சற்றுத் தாமதமாகவே கண்டுகொண்டது. இலண்டன் மாநகரில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இருந்தார். முதலில் தாதியாகவும், பிறகு நோயாளிகளின் குடும்ப நலம் பார்க்கும் ஊழியராகவும் வேலை செய்து, அதன்பின் படித்து டாக்டரானவர். 1967ல் அவர் புனித கிறிஸ்தோபர் பெயரால் ஓர் இல்லம் தொடங்கினார். குணப்படுத்த முடியாத நோயாளிகளைக் கைவிடாமல் கடைசிவரை பராமரிக்கும் இந்நாளைய முறைக்கு அதுவே தாய்வீடு. நோயாளியின் வலிக்கு நான்கு முகங்கள் உண்டு என்று அவர் கற்பித்தார். தேகத்தின் வலி ஒன்று. மனதின் வலி ஒன்று. குடும்பம், பணம், உறவு முதலியவற்றால் வரும் வலி ஒன்று. ஆத்துமத்தின் வலி ஒன்று. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும். இரவெல்லாம் காலெரிச்சலால் தூங்காத கிழவருக்குக் காலையில் விசுவாசப் பிரசங்கம் செய்து பயனில்லை. முதலில் எரிச்சலுக்கு மருந்து வேண்டும். எரிச்சல் அடங்கினபின்னும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், இனி மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் பயனில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம். மனச்சோர்வு என்பது ஒரு வியாதி. அதற்கு வைத்தியம் உண்டு. அந்த வியாதி பிடித்தவருக்குச் சந்தோஷப்படும் சக்தியே வற்றிப்போகும். பேரன் ஊரிலிருந்து வந்து நின்றாலும் முகம் மலராது. வேறு சிலரோ பேரனைக் கண்டால் சிரிப்பார்கள், பழைய கதை பேசுவார்கள். அவன் பஸ் ஏறினதும், 'இனி எனக்கென்ன இருக்கிறது' என்று பழையபடி சுருண்டுகொள்வார்கள். இவர்களிடம் சந்தோஷம் சாகவில்லை. எதிர்பார்க்க ஒன்றும் இல்லாமல் நம்பிக்கைதான் தளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் கிஸ்ஸேன் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய துணைவர்களும் 2001ல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி எழுதினார்கள். ஒருவரிடத்திலேயே இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் சரியாக உண்ணாமல், உறங்காமல், எதிலும் நாட்டமின்றிக் கிடந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது, மருந்துக்கடைக்காரர் கொடுத்தது எல்லாம். காரணம் உண்டு. சர்க்கரைக்கு மெட்பார்மின் நெடுங்காலம் உண்பவருக்குப் பி12 என்னும் சத்து குறைவதுண்டு. அது குறைந்தால் சோர்வும் மறதியும் மனத்தளர்ச்சியும் வரும். கழுத்துச் சுரப்பி மந்தப்பட்டாலும் அப்படியே. நீர் பிரியும் மாத்திரையால் இரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி, கிழவர் தடுமாறிப் பேசுவதும் உண்டு. இவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். மேலே சொன்ன தாயார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை இழந்தது மாத்திரை உண்ணும் நேரத்தால்தான் என்றால், அந்த ஒருநாள் மட்டும் வீடு திரும்பியபின் உண்ணலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். கேட்காமல் நாமாக மாற்றக்கூடாது. கேட்டால் பல சமயம் வழி சொல்லுவார்கள். ஆனால் கேட்பதற்கு ஆளில்லாமலேயே வருடக்கணக்கில் ஒருத்தி பூசையில்லாமல் இருந்துவிடுகிறாள்.

கேள்வி: 'என்னைக் கூப்பிடும், ஆண்டவரே' என்று சாவை விரும்புவது பாவமல்லவா?

எலியாஸ் தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர் அவர். சர்வேசுரன் அனுப்பின சம்மனசானவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தீர்க்கதரிசிக்கு இது தகுமா என்று புத்தி சொல்லவுமில்லை. தட்டி எழுப்பினார், சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்திருந்தார். எலியாஸ் உண்டு, மறுபடி படுத்துக்கொண்டார். சம்மனசானவர் மீண்டும் வந்து இரண்டாந்தரமும் உண்ணச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பிரயாணம். சோர்ந்து போனவர்களிடம் பேசப் போகிறவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவது நல்லது. யோபின் சிநேகிதரும் முதலில் சரியாகவே நடந்தார்கள்: ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாதிருந்தார்கள். பேசத் தொடங்கினபிறகுதான் காரியம் கெட்டது. ஆகவே, சாவை நினைத்து ஏங்கும் வயோதிகரின் பெருமூச்சைப் பாவமென்று மிரட்டாதீர்கள்.

ஆயினும், ஏக்கம் வேறு. தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள எண்ணுவது வேறு. இந்த இடத்தில் வெட்கப்படாமல் பேசவேண்டும். வேண்டுமென்றே சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒதுக்குகிறவர், திடீரென்று நகையையும் நிலத்தையும் பங்குபோட்டுக் கொடுக்கிறவர், எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் பேசுகிறவர் ஆகியோரிடம், "சாகவேண்டும் என்று எண்ணுகிறீர்களா?" என்று நேராகவே, பட்சத்தோடு கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. பலருக்குச் சொல்லி அழுவதே பெரிய ஆறுதல். நம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் பயிராகும் பூமி. பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அதை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். மாத்திரைகளையும் மொத்தமாக அவர் கைக்கெட்ட வைக்காமல் அன்றன்றைக்குக் கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். முதியோர் சம்பந்தமான மற்ற உதவிக்கு 14567. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் நலம்.

கேள்வி: இந்த வியாதிகள் பாவத்துக்குத் தண்டனையா?

ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள். 'என்ன பாவம் செய்தாளோ, இப்படி இழுத்துப் பறிக்கிறது' என்று அவள் காதுபடவே சொல்லுகிறவர்களும் உண்டு. அந்தச் சமயம் மட்டும் காது நன்றாகக் கேட்டுவிடுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று சேசுநாதர் திட்டமாய் மறுத்துவிட்டார். அதற்குமேல் இந்தப் பேச்சுக்கு நம்மிடையே இடமிருக்கலாகாது.

நம் அரியலூர்ச் சீமையிலேயே இதற்கு அடுத்த ஒரு பழைய செய்தி உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி, திருக்காவலூர் என்ற பெயரோடு அடைக்கல மாதாவின் ஸ்தலமாக விளங்குவதை யாவரும் அறிவோம். இத்தாலியில் 1680ல் பிறந்து நம்மிடம் வந்த வீரமாமுனிவர் அங்கே தங்கி ஊழியம் செய்த காலத்தில், அரியலூர்ப் பாளையக்காரராகிய அரங்கப்ப மழவராயரை இராஜபிளவை என்னும் கொடிய கட்டி வாட்டியதென்றும், எந்த வைத்தியத்துக்கும் அடங்காத அது முனிவரின் மருந்தாலும் ஜெபத்தாலும் ஆறியதென்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் விட்டாரென்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இராஜபிளவை இன்றும் சர்க்கரை வியாதிக்காரரை அதிகமாகத் தாக்கும் கட்டி என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் வயோதிகரில் பலர் ஏலாக்குறிச்சிக்கு நேர்ந்துகொண்டு போகிறார்கள். போய்வந்தபின்னும் சர்க்கரை இறங்கவில்லையென்றால், 'ராஜாவுக்கு இரங்கின மாதா எனக்கு இரங்கவில்லையே' என்று உள்ளுக்குள் நொந்துகொள்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஒரு தாயார் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

பிறகு எனக்குத் தோன்றியது இது. அதே வீரமாமுனிவர் 1726ல் பாடி முடித்த தேம்பாவணி, 36 படலமும் 3615 பாட்டும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் ராஜா அல்ல, சேனாபதி அல்ல. தச்சுத் தொழிலாளியாகிய அர்ச்சியசிஷ்ட சூசையப்பர். காவியத்தின் பிற்பகுதியில் சூசையப்பரின் பிணியும் மரணமும் பாடப்பட்டிருக்கின்றன. உலகத்தைப் படைத்தவரே மகனாக வீட்டிலிருக்க, அந்த வீட்டிலும் தகப்பனார் நோயில் கிடந்தார் என்று முனிவர் பாடினார். மழவராயருடைய கட்டியை ஆற்றினவர் என்று நாம் கொண்டாடும் அதே கையெழுத்து அது. உளியும் வாளும் பிடித்துக் குடும்பத்தைக் காத்த கை ஓய்ந்தபின் சூசையப்பர் அந்த வீட்டுக்கு வேண்டாதவராகிவிட்டாரா? அந்தத் தாயாரிடம் அடுத்த மாதம் இதைத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சூசையப்பருக்கு என்ன வியாதி என்று கேட்டாள்.

இனி, வயோதிகர் வீணாகச் சுமக்கும் சில பாரங்களை இறக்கிவைப்போம். இன்று 75, 80 வயதானவர்கள் சிறுவயதில் ஞானோபதேசம் படித்த காலத்துச் சட்டங்கள் வேறு. நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருந்து நற்கருணை வாங்கின காலம் அது. 1957ல் பாப்பரசர் 12ம் பத்திநாதர் அந்த உபவாசத்தை 3 மணி நேரமாக்கினார். 1964ல் 6ம் சின்னப்பர் 1 மணி நேரமாக்கினார். 1983ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் அந்த 1 மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. தண்ணீரும் மருந்தும் யாருக்குமே உபவாசத்தை முறிப்பதில்லை. இது தெரியாமல், சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கோயிலுக்கு வந்து மயங்கி விழுகிறார்கள். தவசு காலத்து ஒருசந்தியும் அப்படியே: 59 வயது முடிந்தவர்களை அது கட்டுப்படுத்தாது. எழுந்து வரமுடியாத நோயாளிக்கு ஞாயிறு பூசைக் கடமையும் இல்லை. பூசை காணாததைப் பெரும் பாவமென்று எண்ணி மனங்கலங்கும் அப்பாயியிடம் யாராவது ஒருவர் உட்கார்ந்து இதை உரக்க, காதருகில் சொல்லவேண்டும். ஒருதரம் சொன்னால் போதாது.

எல்லாவற்றிலும் பெரிய தப்பெண்ணம், 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரால் வந்தது. சாமியார் தைலத்தோடு வாசலில் நுழைந்தால் யமனே வந்ததுபோல் வீட்டார் பயப்படுகிறார்கள். ஆகவே மூச்சு இழுக்கும்போதுதான் ஆள் அனுப்புகிறார்கள். 1963ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமான தேவதிரவிய அனுமானம் அல்ல, நோயில்பூசுதல் என்றே அழைப்பது தகும் என்று தெளிவாக்கியது. 1972ல் 6ம் சின்னப்பர் சடங்கையும் அதற்கேற்பத் திருத்தினார். பெரிய வியாதி இல்லாவிட்டாலும், முதுமையினால் மிகவும் தளர்ந்தவர்களும் இதைப் பெறலாம். வியாதி முற்றினால் திரும்பவும் பெறலாம். நினைவு தெளிவாயிருக்கையில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டிலைச் சூழ்ந்து நின்று ஜெபிக்கையில் பெறுவதற்கும், ஒன்றும் தெரியாத நிலையில் பெறுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! 'என்னை மறந்துவிட்டார்களா' என்று ஏங்குகிறவரின் நெற்றியிலும் கைகளிலும் திருச்சபை தைலம் தடவுகிறது. பகலில் செய்யுங்கள், வீட்டில் எல்லாரும் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சரி, மருந்தும் கொடுத்தோம், தேவதிரவிய அனுமானமும் கொடுத்தோம். 'நான் எதற்கு?' என்ற கேள்வி இன்னும் நிற்கிறதே! இதற்கு வாயால் பதில் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை; எனக்கே நம்பிக்கை வராது. வீட்டார் தங்களுக்கு அவர்களால் ஆகவேண்டியது ஒன்றை உண்மையாகவே கேட்கவேண்டும்.

வேலை என்று ஒன்றைச் சொல்லுகிறேன். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்காத வீடு குறைவு. ஓட்டின் எண்ணெய் கையைப் பொத்துவிடும். சர்க்கரைக்காரரின் கையில் பட்டால் புண் ஆறாது. ஆகவே உடைப்பது கூடாது. உடைத்துக் காய்ந்த பருப்பின் தோலை நீக்கலாமே. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விதைக்குத் தரம் பிரிப்பதற்கு, நாற்பது வருஷம் பட்டறை போட்ட கிழவரின் விரலுக்கு ஈடான கருவி இல்லை. கண் தெரியாவிட்டாலும் அழுகலை விரல் சொல்லிவிடும். 'நீங்க எதுக்குய்யா கஷ்டப்படணும், சும்மா படுங்க' என்று நாம் தடுப்பது அன்புதான்; ஆனால் நாளெல்லாம் சும்மா படுத்திருப்பது எத்தனை கொடிய வேலை என்று படுத்தவருக்கே தெரியும். பொழுதுபோக்குக்காகப் பொய் வேலை கொடுத்தாலோ உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கைகால் முற்றும் ஓய்ந்தவருக்கோ, அவர் நினைவே வேலை. கிழவர்கள் பழங்கதை பேசுவதை மூளை மழுங்கியதன் அடையாளமென்று ஒருகாலத்தில் டாக்டர்களும் நினைத்தார்கள். 1963ல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் பட்லர், அது மழுக்கமல்ல, மரணத்தை நெருங்கும் மனிதன் தன் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்து ஒழுங்குசெய்யும் இயற்கையான அலுவல் என்று எழுதினார். கனடா நாட்டில் ஹார்வி சோச்சினாவ் என்னும் மனநோய் வைத்தியர் இதையே ஒரு சிகிச்சையாக்கினார். சாகுந்தறுவாயிலுள்ள நோயாளியிடம் போய், உம் வாழ்க்கையில் முக்கியமானது எது, எதைச் செய்ததில் உமக்குப் பெருமை, பிள்ளைகள் உம்மைப் பற்றி எதை அறிந்திருக்கவேண்டும், அவர்களுக்கு எதைச் சொல்லிவிட்டுப் போக விரும்புகிறீர் என்று கேட்பார்கள். சொன்னதை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி, குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுவார்கள். 2005ல் வெளியான முதல் ஆய்வில் 100 நோயாளிகளில் 76 பேர் தங்கள் மதிப்பை மீண்டும் உணர்ந்ததாகவும், 68 பேர் வாழ்வில் நோக்கம் கூடியதாகவும் சொன்னார்கள். 2011ல் வந்த பெரிய ஆய்வோ, துயரத்தை அளக்கும் அளவுகோல்களில் மற்ற பராமரிப்பைவிட இது அதிகமாக ஒன்றும் குறைக்கவில்லை என்று காட்டிற்று. ஆனாலும் பெற்றவர்கள் தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் உதவிற்று என்றே சொன்னார்கள். ஆகவே இதைச் சர்வரோக நிவாரணியாக நான் எழுதவில்லை. ஆனால் இதற்கு டாக்டர் வேண்டியதில்லை. ஒரு 40 பக்க நோட்டும், ஒரு பேரப்பிள்ளையும், மாலை நேரமும் போதும்.

ஊராரும் இதில் சேரலாம். கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கின வலிநீக்கும் பராமரிப்புச் சங்கத்திலிருந்து, பிற்பாடு அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வாரந்தோறும் நோயாளி வீடுகளுக்குப் போகும் ஏற்பாடு மாவட்டம் மாவட்டமாகப் பரவிற்று. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், படுக்கையில் கிடப்பவருக்கான பராமரிப்பும் உடற்பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் வீட்டுப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு ஒரு வாய் மோர் கொடுத்து இரண்டு நிமிஷம் உட்காரவைத்தால், அப்பாயிக்கு அந்த வாரத்தில் அது ஒரு விசேஷம்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022ல் முதுமையைப் பற்றி வாரந்தோறும் தொடர்ச்சியாக உபதேசம் செய்தார். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் முழங்கால் நோவினால் அவரே சக்கர நாற்காலியில் வரத் தொடங்கினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தே மீதி உபதேசத்தையும் முடித்தார்.

மேலே, சூசையப்பருக்கு என்ன வியாதி என்று கேட்டாளே ஒரு தாயார், அவள் வீட்டில் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். சென்ற அக்டோபரில் அவள் பேரன், பத்தாம் வகுப்புப் பையன், ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் இரண்டு நாள், "எனக்கென்னடா தெரியும், மண்ணைக் கொத்தினேன், கஞ்சி குடிச்சேன்" என்று அவனை விரட்டிவிட்டாள். மூன்றாம் நாள் அவன், "அப்பாயி, நம்ம கல்லறைத் தோட்டத்தில் நம்ம ஆளுங்க யார் யார் எங்க இருக்காங்க? அப்பாவுக்கே தெரியலை" என்றான். அது உண்மையாகவே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. பாதிக் கல்லறைக்கு மேல் சிலுவை போய் வெறும் மண்மேடுதான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வேப்பமரத்திலிருந்து எத்தனை எட்டு, யார் தலைமாட்டில் யார் என்று சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வந்தது. மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்த 1956 நவம்பர் 23ந்தேதி காலையில், ஊரார் ஓடினதைத் திண்ணையில் நின்று பார்த்த கதையும் அதில் ஒன்று.

நவம்பர் 2ந்தேதி, சகல மரித்தோர் தினத்தன்று, மகனும் பேரனும் அவளை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். நோட்டிலிருந்த படத்தின்படி ஒன்பது இடத்தில் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஓர் இடத்தில் மகன் தவறாக நிற்க, அங்கிருந்தே சத்தம்போட்டு இரண்டு எட்டு தள்ளி நிற்கச் செய்தாள்.

அதற்கடுத்த முதல் வெள்ளிக்குப் போனோம். முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது, சர்க்கரை கூடியிருந்தது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று சுவாமியார் கேட்டார். அவள் வழக்கமான மறுமொழியைத்தான் சொன்னாள். நற்கருணை வாங்கிச் சற்று நேரம் கண்மூடியிருந்துவிட்டு, நாங்கள் கிளம்பும்போது என்னைக் கைகாட்டி அழைத்தாள். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நோட்டைக் கையோடு எடுத்துவரச் சொல்லவேண்டுமாம். அவளுடைய சின்ன மாமியார் வழியில் இரண்டு பெயர் விட்டுப்போயிற்றாம்.